காஃபீனை நீக்கினால் சாக்லேட்டில் என்ன மிஞ்சும்?

காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறைகளில் பட்டு நூல் சாயத் தொட்டியில் இறங்குவதற்கு முன்னர், சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த வெந்நீரில் ஒரு முறை வெந்து எழுகிறது. பட்டுப்புழு உமிழும் இழையானது ஃபைப்ராயின் என்னும் புரதத்தாலான இரண்டு மெல்லிய நூல்களும், அவற்றை ஒட்டிப் போர்த்தியிருக்கும் செரிசின் என்னும் பசைப் புரதமும் சேர்ந்தது. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தப் பசையே என்பதால், அது நீங்கும் வரையில் நூலுக்குப் பளபளப்பும் வராது, சாயமும் சீராகப் பிடிக்காது. சூடான காரநீரில் செரிசின் கரைந்துவிடும், இறுக்கமாக அடுக்கப்பட்ட அமைப்புடைய ஃபைப்ராயின் கரையாது என்ற ஒரே வேறுபாட்டை வைத்துத்தான் இந்த வேலை நடக்கிறது; சூடோ காரமோ நேரமோ அளவு மீறினால் பசையோடு சேர்ந்து நூலின் வலுவும் போய்விடும். வேண்டாத ஒன்றை மட்டும் கரைத்து வெளியேற்றி, வேண்டியவற்றைச் சேதமின்றி நிறுத்திக்கொள்வது என்ற இதே சிக்கல்தான் உணவுத் தொழிலில் காஃபீன் நீக்கம் என்ற பெயரில் நூறாண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகிறது. காபிக் கொட்டையில் அது கைகூடிவிட்டது. கோகோ விதையில் மட்டும், கைகூடக்கூடியதாக இருந்தும், யாரும் அதைப் பெருந்தொழிலாக நடத்த முன்வரவில்லை. அதற்கான காரணங்கள் வேதியியலில் பாதியும் வணிகத்தில் பாதியுமாகக் கிடக்கின்றன.

காஞ்சிபுரத்தில் காஃபீனைப் பற்றிய பேச்சு புதியதன்று. காஞ்சி சங்கர மடத்தின் பீடாதிபதியாக விளங்கிய சந்திரசேகரேந்திர சரஸ்வதி (1894–1994) தம் உரைகளில் பட்டையும் காபியையும் கைவிடும்படி மக்களை, குறிப்பாகப் பெண்களை, திரும்பத் திரும்ப வேண்டிக்கொண்டார். பட்டுக்காகப் புழுக்கள் கொல்லப்படுவதும், இரண்டுக்குமாகக் குடும்பங்கள் செய்யும் வீண்செலவும் அவர் கூறிய காரணங்களில் அடங்கும். பட்டு நெய்து பிழைக்கும் ஊரின் பெயரைத் தாங்கிய மடத்திலிருந்தே அப்படியொரு வேண்டுகோள் எழுந்தது வியப்புக்குரியது என்றால், ஊர் அவ்விரண்டில் எதையும் கைவிடவில்லை என்பது வியப்புக்குரியதன்று. காலையில் பழைய சோறும் நீராகாரமும் இருந்த இடத்தைக் காபி எவ்வாறு கைப்பற்றியது, அதற்கு எழுந்த எதிர்ப்புகள் எப்படி அடங்கின என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்ற நூல் விரித்துரைக்கிறது. காபி மீதிருந்த அந்தப் பழைய ஐயம் இன்று இடம் மாறி, குழந்தைகளின் கையிலுள்ள சாக்லேட்டின் மீது விழுந்திருக்கிறது: இதிலும் காஃபீன் இருக்கிறதாமே, இதையும் நீக்கி விற்கக் கூடாதா என்ற கேள்வி பெற்றோரிடமும் கர்ப்பிணிகளிடமும் தூக்கம் வராமல் அவதிப்படுவோரிடமும் எழுகிறது.

இரட்டையரில் இளையவர்

காஃபீன் என்பது தாவரங்கள் பூச்சிகளிடமிருந்து தங்களைக் காத்துக்கொள்ள உருவாக்கும் கசப்பான ஆல்கலாய்டுகளில் ஒன்று; ஆல்கலாய்டு என்பது நைட்ரஜன் அடங்கிய, உடலில் வலுவான விளைவை உண்டாக்கும் தாவரப் பொருள்களுக்குரிய பொதுப்பெயர். ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்லீப் ஃபெர்டினாண்ட் ருங்கே 1819இல் காபிக் கொட்டையிலிருந்து இதை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். கோகோவில் இதற்கு நெருங்கிய உறவான தியோபுரோமின் என்ற மற்றொரு ஆல்கலாய்டு இருப்பதை ரஷ்ய வேதியியலாளர் அலெக்சாண்டர் வோஸ்கிரெசென்ஸ்கி 1841இல் கண்டறிந்தார். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகச் சிறியது: சாந்தின் என்ற ஒரே அடிப்படைக் கட்டமைப்பின் மீது, ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மெத்தில் தொகுதிகள் தியோபுரோமினில் இரண்டு ஒட்டியிருக்கின்றன, காஃபீனில் மூன்று. தாவரத்தின் உள்ளே காஃபீன் உருவாவதே தியோபுரோமினுடன் இறுதியாக ஒரு மெத்தில் தொகுதி சேர்வதனால்தான். காபிச் செடி அந்தக் கடைசிப் படியை ஏறக்குறைய முழுமையாக முடித்துவிடுகிறது, கோகோ மரமோ பெரும்பகுதியை அதற்கு முந்திய படியிலேயே நிறுத்திவிடுகிறது.

உடலுக்குள் நுழைந்ததும் இந்தச் சிறு வேறுபாடு பெரிதாகிறது. விழித்திருக்கும் நேரம் நீளநீள மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து களைப்பையும் தூக்கத்தையும் உணர்த்துகிறது. காஃபீன் அந்த அடினோசின் அமரவேண்டிய ஏற்பிகளில் தான் போய் அமர்ந்துகொள்வதால் தூக்க உணர்வு தள்ளிப்போகிறது. தியோபுரோமின் அதே ஏற்பிகளை மிகப் பலவீனமாகவே பற்றுவதால் தூக்கத்தைக் கலைக்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. மாறாக அது மூச்சுக்குழல்களைச் சற்றே தளர்த்தும், இதயத்தை மெல்லத் தூண்டும், சிறுநீரைப் பெருக்கும். உட்கொண்ட காஃபீனில் பாதி நலமான ஒருவரின் உடலிலிருந்து நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். தியோபுரோமினுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

அளவைப் பார்த்தால் கோகோவில் மூத்தவர் யார், இளையவர் யார் என்பது தெளிவாகிவிடும். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்துப் பட்டியலின்படி, இனிப்புச் சேர்க்காத 100 கிராம் கோகோத் தூளில் காஃபீன் 230 மில்லிகிராமும் தியோபுரோமின் 2,000 மில்லிகிராமுக்குச் சற்று மேலும் உள்ளன. கோகோ 70 முதல் 85 விழுக்காடு வரையுள்ள 100 கிராம் கறுப்புச் சாக்லேட்டில் முறையே 80, 802 மில்லிகிராம். பால் சாக்லேட்டில் 20, 205 மில்லிகிராம். எங்கும் ஏறத்தாழ ஒன்றுக்குப் பத்து என்ற விகிதமே காணப்படுகிறது. கோகோ வெண்ணெயும் சர்க்கரையும் பாலும் மட்டும் சேர்ந்த வெள்ளைச் சாக்லேட்டில் இரண்டுமே இல்லை என்று கூறிவிடலாம். ஏனெனில் விதையை அழுத்திக் கொழுப்பைப் பிழியும்போது ஆல்கலாய்டுகள் கொழுப்போடு வராமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன.

ஒரு டம்ளரும் ஒரு பட்டையும்

காஞ்சிபுரத்து ஓட்டல் ஒன்றில் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்கும் கோயில் இட்லிக்குப் பிறகு வைக்கப்படும் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியை இதனோடு ஒப்பிட்டால் விவாதத்தின் அளவுகோல் கிடைத்துவிடும். ஒரு டம்ளருக்கு 10 கிராம் தூள் என்றும், அதில் காபி 60, சிக்கரி 40 விழுக்காடு என்றும் வைத்துக்கொண்டால், உண்மையான காபி 6 கிராம். அராபிகா வகைக் கொட்டையில் காஃபீன் ஏறத்தாழ 1.2 விழுக்காடும் ரொபஸ்டாவில் 2.2 விழுக்காடும் இருப்பதால், அந்த 6 கிராமில் உள்ளது 70 முதல் 130 மில்லிகிராம் வரை. ஒரு பகுதி சக்கையிலேயே தங்கிவிடும் என்றாலும் பெரும்பகுதி டிகாக்‌ஷனில் இறங்கிவிடும். 40 கிராம் பால் சாக்லேட்டில் இருப்பதோ 8 மில்லிகிராம். ஒரு டம்ளர் காபிக்கு ஈடாக வேண்டுமானால் அத்தகைய சாக்லேட் பட்டைகள் ஒன்பதிலிருந்து பதினாறு வரை தின்ன வேண்டும்.

தமிழ்நாட்டுக் காபியில் சிக்கரி கலப்பதைத் தூய காபிப் பிரியர்கள் கலப்படம் என்று இகழ்ந்தாலும், சிக்கரி வேரில் காஃபீன் கிடையாது என்பதால், கலவை சேர்ந்த ஒவ்வொரு டம்ளரும் பகுதியளவு காஃபீன் குறைக்கப்பட்ட காபியே என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று இந்திய விதிமுறை வரையறுத்திருப்பதால் அந்தக் குறைப்புக்கும் எல்லை உண்டு.

சாக்லேட்டுக்கும் இந்திய விதிமுறையில் எல்லைகள் உள்ளன. 2011ஆம் ஆண்டின் உணவுப் பொருள் தர விதிமுறைகள், கொழுப்பும் ஈரமும் நீக்கிக் கணக்கிட்ட கோகோத் திடப்பொருள் பால் சாக்லேட்டில் 2.5 விழுக்காட்டுக்கும், கறுப்புச் சாக்லேட்டில் 12 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது என்றன. காஃபீன் இருப்பது அந்தத் திடப்பொருளில் மட்டுமே. குறைந்தபட்ச அளவோடு நிறுத்திக்கொள்ளும் ஒரு பால் சாக்லேட்டின் 40 கிராமில் அத்தகைய திடப்பொருள் 1 கிராம்தான், அதிலுள்ள காஃபீன் ஏறத்தாழ 3 மில்லிகிராம்தான். பெட்டிக்கடை ஜாடிகளிலிருந்து பிறந்தநாளன்று பள்ளியில் விநியோகிக்கப்படுபவற்றில் பல, கோகோவே சேராத சர்க்கரைப் பாகு மிட்டாய்கள். அவற்றில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கோகோ வெண்ணெய் 34 பாகை செல்சியஸை ஒட்டி உருகிவிடும், காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலோ 40ஐத் தாண்டும் என்பதால், பேக்கரிகளில் கேக்கின் மேல் ஊற்றப்படும் பூச்சுகளில் பெரும்பாலானவை எளிதில் உருகாத தாவரக் கொழுப்பில் சிறிது கோகோத் தூள் கலந்தவை. அவற்றிலும் காஃபீன் சொற்பமே.

காபிக்கு எப்படி முடிந்தது

பிரேமன் நகர வணிகர் லூத்விக் ரோஸெலியஸ் 1900களின் தொடக்கத்தில் காபிக் கொட்டையை நீராவியில் ஊறவைத்து, பென்சீன் என்ற கரைப்பானால் காஃபீனை வெளியேற்றும் முறையை வகுத்து, 1906இல் காஃபே ஹாக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு என்று பின்னாளில் தெரியவந்ததும் அது கைவிடப்பட்டு, மெத்திலீன் குளோரைடும், பழங்களில் இயல்பாகவே இருக்கும் எத்தில் அசிடேட்டும் அதன் இடத்தைப் பிடித்தன. நீரை மட்டும் பயன்படுத்தும் முறை ஒன்றும் உண்டு: காஃபீனைத் தவிர மற்றெல்லாம் ஏற்கெனவே கரைந்து நிறைந்துள்ள காபிச் சாற்றில் புதிய கொட்டைகளை ஊறவைத்தால், அந்தச் சாற்றில் இடம் காலியாக இருப்பது காஃபீனுக்கு மட்டுமே என்பதால் கொட்டையிலிருந்து அது மட்டும் வெளியேறும், பிறகு சாற்றைக் கரியில் வடித்துக் காஃபீனைப் பிடித்துக்கொள்வார்கள்.

இவற்றுள் மிக நேர்த்தியானது ஜெர்மனியின் முல்ஹைமில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிலக்கரி ஆய்வு நிறுவனத்தில் குர்ட் ஸோஸல் 1967இல் கண்டறிந்தது. கார்பன் டை ஆக்சைடு வாயுவை 31 பாகைக்கு மேல் சூடாக்கி, வளிமண்டலத்தைப் போல் எழுபது மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தில் வைத்தால், அது வாயுவும் அல்லாத திரவமும் அல்லாத ஒரு நிலையை அடைகிறது. இதை மீமாறுநிலைப் பாய்மம் என்பர். வாயுவைப் போல் நுண்ணிய துளைகளுக்குள் புகுந்து, திரவத்தைப் போல் கரைத்தெடுக்கும் தன்மை அந்நிலையில் அதற்கு வாய்க்கிறது. ஈரமாக்கிய காபிக் கொட்டையிலிருந்து அது காஃபீனைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு தானாகவே பறந்துவிடுவதால் கொட்டையில் எந்த மிச்சமும் தங்குவதில்லை.

இந்த முறைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு சாதகம் உண்டு. வறுக்காத பச்சைக் கொட்டையில்தான் அவை நடக்கின்றன. காபியின் மணம் அதற்குப் பின்னர் வறுக்கும்போதுதான் பிறக்கிறது. பிறக்காத மணத்தைக் கரைப்பான் களவாட முடியாது. அதற்கான மூலப்பொருள்கள் சிறிது குறையும், அவ்வளவுதான். அதற்கும் மேலாக, வெளியேறிய காஃபீன் குப்பைக்குப் போவதில்லை. குளிர்பானத் தொழிலும் மருந்துத் தொழிலும் அதை விலை கொடுத்து வாங்கிக்கொள்கின்றன.

கோகோவில் எங்கே சிக்குகிறது

கோகோ தமிழ்நாட்டுக்கு அந்நியமான பயிரன்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1798இல் குற்றாலத்தில் நட்ட சில கன்றுகளே இந்தியாவின் முதல் கோகோ மரங்கள். இன்று பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக நிற்கிறது. மரத்தின் தண்டிலேயே நேரடியாகக் காய்க்கும் கனியை உடைத்தால், வழுவழுப்பான வெள்ளைச் சதையால் போர்த்தப்பட்ட முப்பது நாற்பது விதைகள் கொத்தாக வெளிவரும். அந்த நிலையில் விதையைக் கடித்தால் கசப்பும் துவர்ப்பும் தவிர வேறொன்றும் தெரியாது. உள்ளே ஊதா நிறமாக இருக்கும், சாக்லேட் மணத்தின் சாயல்கூட இராது. விதைகளைச் சதையோடு பெட்டியிலோ கூடையிலோ நிரப்பி, வாழையிலையும் சாக்கும் கொண்டு மூடி, இடையிடையே கிளறிவிட்டு, ஏறத்தாழ ஆறு நாள் புளிக்க விடுகிறார்கள். சதையிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட்டுகள் சாராயமாகவும், பாக்டீரியங்கள் அதைப் பின்னர் அசிட்டிக் அமிலமாகவும் மாற்ற, குவியலின் சூடு 45 பாகையைத் தாண்டுகிறது. சூடும் அமிலமும் சேர்ந்து விதையின் உயிரைப் போக்கி, அதன் செல்களைச் சிதைக்கின்றன. உள்ளிருக்கும் புரதங்கள் அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைகின்றன. ஊதா நிறம் பழுப்பாகிறது. இந்த அமினோ அமிலங்களும் எளிய சர்க்கரைகளும்தான் பின்னர் வறுக்கும்போது ஒன்றோடொன்று வினைபுரிந்து சாக்லேட் மணமாகின்றன.

இங்கேதான் காஃபீன் நீக்கம் சிக்குகிறது. புளிப்பதற்கு முன்னர் நீக்க முடியாது. உயிருள்ள ஈர விதையைக் கரைப்பானில் ஊறவைத்தால் புளிப்பேறும் செயலே நடைபெறாது. புளித்து உலர்ந்த பின்னர் நீக்கலாம் என்றால், ஆறு நாள் காத்திருந்து சேர்த்த அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் நீரில் எளிதாகக் கரைபவை. காஃபீனை வெளியேற்ற வந்த நீர் அவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விடும். வறுத்த பின்னர் நீக்கலாம் என்றால், பிறந்துவிட்ட மணமே பறிபோகும்.

நீரை விட்டுக் கரிமக் கரைப்பான்களிடம் போனால் வேறொரு தடை எதிர்ப்படுகிறது. காபிக் கொட்டையில் கொழுப்பு குறைவு. கோகோ விதையின் பருப்பிலோ பாதிக்கும் மேல் கொழுப்பு. காஃபீனை நன்றாகக் கரைக்கும் மெத்திலீன் குளோரைடு அந்தக் கொழுப்பை அதைவிட நன்றாகக் கரைக்கும்; சாக்லேட்டை நாவில் உருகவைக்கும் வெண்ணெயே கரைப்பானோடு போய்விடும். எனவே கொழுப்பைப் பிழிந்தெடுத்த தூளில் இதைச் செய்துவிட்டு, பின்னர் தனியே வைத்திருந்த வெண்ணெயைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வழி திறக்கிறது. அமெரிக்காவில் கொழுப்பும் காஃபீனும் ஒருசேர நீக்கப்பட்ட கோகோத் தூள் ஒரு காலத்தில் கடைகளில் விற்பனைக்கு இருந்தது. மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு, நீரில் ஊறிப் பருத்த கோகோவிலிருந்து ஆல்கலாய்டுகளை வெளியேற்றும் முறைக்கு நெஸ்லே குழுமம் 1980களின் தொடக்கத்தில் காப்புரிமையும் பெற்றிருக்கிறது. ஆகவே ‘முடியுமா?’ என்ற கேள்விக்கு ‘முடியும்’ என்ற விடை நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அந்த விடை கடைவீதிக்கு வராமல் நின்றதற்குக் காரணம் கணக்கு: காபிக் கொட்டையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் காஃபீன் கோகோவில் 0.2 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், விற்றுச் செலவை ஈடுகட்டும் அளவுக்குக் காஃபீனும் கிடைக்காது; அதை நீக்கிய சாக்லேட்டுக்குக் கூடுதல் விலை தருவோரும் அதிகம் இலர்.

தியோபுரோமினும் நீங்க வேண்டும் என்று கேட்டால் கதை இன்னும் கடினமாகும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் காஃபீன் ஏறத்தாழ 20 கிராம் கரையும், தியோபுரோமின் ஒரு கிராம்கூடக் கரையாது. மீமாறுநிலைக் கார்பன் டை ஆக்சைடிலும் அது காஃபீனைவிடப் பல மடங்கு குறைவாகவே கரைகிறது. நீக்க எளிதானது கோகோவில் சொற்பமாக இருக்கிறது, மிகுதியாக இருப்பது நீக்கக் கடினமாக இருக்கிறது. மேலும் சாக்லேட்டின் கசப்பில் தியோபுரோமினுக்கு ஒரு பங்கு உண்டு என்பதால், அதையும் அறவே அகற்றிவிட்ட பழுப்பு நிற இனிப்பைச் சாக்லேட் என்று அழைப்பது தாராள மனப்பான்மையாகவே முடியும்.

பாக்டீரியமும் மரபணுவும்

கரைப்பானைத் தவிர்த்து உயிரினங்களையே இப்பணிக்கு அமர்த்தும் முயற்சியில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. சென்னை ஐஐடியின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் சத்யநாராயண கும்மாடியும் அவருடைய குழுவினரும், காபித் தோட்ட மண்ணிலிருந்து பிரித்தெடுத்த சூடோமோனாஸ் இனப் பாக்டீரியத்தைக் கொண்டு காஃபீன் சிதைவை ஆராய்ந்தனர். நுண்ணுயிர்களாலும் நொதிகளாலும் காஃபீனை நீக்கும் முறைகளைத் தொகுத்து 2005இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுரை இத்துறையில் பரவலாக மேற்கோள் காட்டப்படுவது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமும் இதே திசையில் ஆராய்ந்திருக்கிறது. பெரும்பாலான உயிர்களுக்கு நஞ்சாகும் காஃபீனையே இந்தப் பாக்டீரியங்கள் உணவாக்கிக்கொள்கின்றன. நொதிகளால் அதன் மெத்தில் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, இறுதியில் சாந்தினாக்கி, பிறகு அதையும் உடைத்துவிடுகின்றன. காபிப் பழத்தின் தோலும் சதையும் காஃபீன் காரணமாக மாட்டுத் தீவனமாகப் பயன்படாமல் குவிந்து, நீர்நிலைகளையும் கெடுக்கும் இடங்களில் இந்த ஆய்வுக்கு உடனடிப் பயன் உண்டு. ஆனால் கோகோவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை எதிர்ப்படுகிறது: முதல் மெத்தில் தொகுதியை இழந்த காஃபீன் பெரும்பாலும் தியோபுரோமினாகவே மாறுகிறது. கோகோவில் ஏற்கெனவே பத்து மடங்கு இருப்பதுடன் இன்னும் கொஞ்சம் சேர்ந்துவிடும்.

மரபியல் வழியும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. எத்தியோப்பியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அராபிகாச் செடிகளுள் இயற்கையாகவே காஃபீன் ஏறக்குறைய இல்லாத சிலவற்றைப் பிரேசில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2004இல் அறிவித்தபோது, அவற்றின் இலையில் தியோபுரோமின் தேங்கியிருந்தது தெரியவந்தது. கடைசி மெத்தில் தொகுதியைச் சேர்க்கும் நொதி அவற்றில் முடங்கியிருந்ததே காரணம். காபிச் செடியில் அரிய பிறழ்வாகத் தோன்றிய அந்த நிலை, கோகோ மரத்தில் ஏறத்தாழ இயல்பாகவே அமைந்திருக்கிறது.

கோகோவிலும் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. மத்திய அமெரிக்காவின் தொன்மையான கிரியோல்லோ வகையில் தியோபுரோமினுக்கு ஈடாகக் காஃபீனும் கணிசமாக இருக்கும். அமேசான் படுகையிலிருந்து உலகெங்கும் பரவிய ஃபாரஸ்டெரோ வகையில் அது மிகக் குறைவு. இந்தியத் தோப்புகளில் பயிராவது பெரும்பாலும் ஃபாரஸ்டெரோவே. இதற்கு மேல், புளிக்க வைக்கும் நாள்களில் விதையிலுள்ள ஆல்கலாய்டுகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் தோலுக்குள்ளும் வடியும் நீரோடும் வெளியேறிவிடுகிறது. தொழிற்சாலை ஒன்றும் தலையிடாமலேயே, வகைத் தேர்வும் புளித்தலும் சேர்ந்து பொள்ளாச்சிக் கோகோவில் காஃபீனைக் கணிசமாகக் குறைத்துவிடுகின்றன.

யார் கணக்குப் பார்க்க வேண்டும்

நலமான பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் பொதுவாகத் தீங்கில்லை என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் நிலைப்பாடு. கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராமும், குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 3 மில்லிகிராமும் கவலைக்குரியதல்லாத அளவு என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் மதிப்பிட்டது. 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இது 60 மில்லிகிராம். அந்த அளவை எட்ட 40 கிராம் பால் சாக்லேட் பட்டைகள் ஏழோ எட்டோ தேவை. அவற்றோடு அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் சர்க்கரை 140 கிராமை ஒட்டியிருக்கும், அதாவது பெரியவர்களுக்கே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நாளளவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பெற்றோர் பயப்பட வேண்டியது எதற்கு என்பது இந்தக் கணக்கிலேயே வெளிப்படையாக இருக்கிறது. சாக்லேட்டிலிருந்து நீக்கத் தகுந்தது ஒன்று உண்டென்றால் அது சர்க்கரையே, அதை நீக்கத் தொழில்நுட்பமும் வேண்டியதில்லை.

உண்மையாகவே எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் சிலர் உள்ளனர். கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் காஃபீன் உடலை விட்டு நீங்கும் வேகம் வெகுவாகக் குறைந்து, ஐந்து மணி நேரத்தில் பாதியாக வேண்டியது பதினைந்து மணி நேரம் வரை எடுக்கக்கூடும். காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கும் சிப்ரோஃப்ளோக்சசின், ஃப்ளூவோக்சமின் போன்ற மருந்துகளை உட்கொள்வோருக்கும் இது பொருந்தும். இத்தகையவர்கள் முதலில் குறைக்க வேண்டியது காலையிலும் மாலையிலும் பருகும் டம்ளர்களை. தறிக்குழியில் அமர்ந்து கோர்வைச் சேலை நெய்பவர் அலுப்புத் தீர நாளில் பல முறை பருகும் தேநீரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். சாக்லேட்டில் கவனம் தேவைப்படுவது கறுப்பு வகைக்கு மட்டுமே: 40 கிராமில் 32 மில்லிகிராம் என்பது அரை டம்ளர் காபிக்கு நெருங்கி வருவதால், படுக்கைக்குப் போகும் முன் அதைத் தவிர்ப்பது நல்லது. காஃபீனும் தியோபுரோமினும் அறவே வேண்டாம் என்போருக்கு வெள்ளைச் சாக்லேட் உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளின் கேரோப் மரக் காயிலிருந்து செய்யப்படும் இனிப்புத் தூளும் உண்டு. சூடாக ஏதேனும் பருக வேண்டுமென்றால் மல்லியும் சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த சுக்குக் காபி இருக்கவே இருக்கிறது, அதில் காபிக் கொட்டை ஒன்றுகூட இல்லை.

மனிதருக்கு இவ்வளவு சாதுவாக இருக்கும் தியோபுரோமின், அதை வெகு மெதுவாகவே சிதைக்கக்கூடிய நாயின் உடலில் நஞ்சாகிறது. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராமை ஒட்டிய அளவிலேயே வாந்தியும் பேதியும் தொடங்கும். 60 மில்லிகிராமை ஒட்டினால் வலிப்பு வரலாம். 10 கிலோ எடையுள்ள நாய்க்குக் கறுப்புச் சாக்லேட் 25 கிராம் போதும் முதல் அறிகுறிகளுக்கு, 75 கிராம் போதும் உயிராபத்துக்கு. காஃபீனை முற்றிலும் நீக்கிய சாக்லேட்டாக இருந்தாலும் இந்தக் கணக்கில் பெரிதாக எதுவும் மாறாது. வீட்டு நாய் சாக்லேட்டைத் தின்றுவிட்டால் அறிகுறி தோன்றும் வரை காத்திராமல், உறையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.